வரிசையை மாத்தல சார்

இல்ல சார், சர்வர் ரூம் சாவியை நான் ஒளிச்சு வைக்கல. இடுப்புல சொருகி வச்சிருந்தேன், போறவங்க வர்றவங்க எல்லாருக்கும் தெரியற மாதிரி. ஒளிச்சு வைக்கிறவ எதுக்கு அந்த ரூம் வாசல்லயே நாற்காலி போட்டு உக்காருவா, நீங்களே சொல்லுங்க. புகார்ல எழுதிட்டா அது உண்மையாயிடுமா? நிர்வாகி எழுதினதை நாலு பக்கம் படிச்சீங்க இல்ல, நான் சொல்றதையும் அதே பேனாவுல எழுதுங்க. விட்டுப்போச்சுன்னா திரும்பச் சொல்றேன், எனக்கொன்னும் வாய் வலிக்காது.

தண்ணியெல்லாம் வேணாம் சார். நல்லாத்தான் இருக்கேன். குரல் இப்படித்தான், பிறவிக் குரல். கத்துறேன்னு நினைச்சுக்காதீங்க. சர்வர் ரூம்ல அந்த ஃபேன் சத்தத்துக்கு நடுவுல பதினாலு வருஷம் பேசினா யாருக்கும் இப்படித்தான் ஆகும்.

உங்களுக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாத் தெரியாதுங்கிறீங்க. நல்லதாப் போச்சு போங்க. அரைகுறையாத் தெரிஞ்சவங்கதான் எனக்கு எமன். சுருக்கமாச் சொல்றேன், கேட்டுக்கோங்க. இந்த ஆஸ்பத்திரியில எடுக்கிற ஸ்கேன் படம் எல்லாம் என்கிட்டதான் வந்து சேரும். டாக்டர் பட்டனை அழுத்துவார், படம் வரும். எங்கேருந்து வருதுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. வரலன்னா மட்டும் டிஸ்க்கக்கா எங்கே, டிஸ்க்கக்கா எங்கேன்னு மாடிக்கு மாடி ஆள் தேடும். என் பேர் என்னன்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியாது, பெரிய டாக்டரே டிஸ்க்கக்கான்னுதான் கூப்பிடுவார்.

எட்டு டிஸ்க் சார். எட்டையும் சேர்த்து ஒரே தொகுப்பாக் கட்டியிருக்கேன், நாங்க பூல்னு சொல்லுவோம். ஒரு படம் உள்ள வந்தா ஒரே இடத்துல போய் உக்காராது. துண்டு துண்டாப் பிரிஞ்சு எல்லா டிஸ்க்லயும் கொஞ்சம் கொஞ்சம் போகும். கூடவே, எது தொலைஞ்சா எதை வச்சுக் கண்டுபிடிக்கிறதுன்னு ஒரு குறிப்பும் போகும். இப்ப ஏழு பேர் ஆளுக்கொரு எண்ணை மனசுல நினைச்சுக்கிட்டு, மொத்தம் எவ்வளவுன்னு எட்டாவது ஆள் காதுல சொல்லி வச்சிருக்காங்கன்னு வைங்க. நடுவுல ஒருத்தர் எழுந்து போயிட்டா? அவர் என்ன நினைச்சார்னு மிச்சப் பேர் கூட்டிக் கழிச்சுச் சொல்லிடலாம் இல்லையா? அவ்வளவுதான் விஷயம். நான் கட்டினதுல ஒருத்தர் இல்ல, ரெண்டு பேர் எழுந்து போனாலும் சமாளிக்கும். மூணாவது ஆள் எழுந்தா முடிஞ்சுது. மூணு டிஸ்க்ல இருந்தது மட்டும் போகாது, எட்டுலயும் இருக்கிறது மொத்தமாப் போகும்.

ஆங், அதேதான். ரெண்டு போனாலும் தாங்கும். இதை நான் நிர்வாகிகிட்ட வாய்விட்டுச் சொன்னேன் பாருங்க, அதுதான் நான் செஞ்ச முதல் முட்டாள்தனம். தாங்கும்ங்கிற ஒரு வார்த்தையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டார் மனுஷன். பக்கத்து ரூம்ல இந்தப் படத்தையெல்லாம் இன்னொரு நகல் எடுத்து வைக்கிற மெஷின் ஒன்னு இருந்தது. அதான் ரெண்டு போனாலும் தாங்குமே, அப்புறம் நகல் எதுக்கும்மான்னு கேட்டு அதை அப்படியே கழட்டிட்டுப் போய் வாசல் கேமராவுக்கு மாட்டிட்டார். தாங்குறது வேற, நகல் வேறன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். யாராவது தெரியாம ஒரு படத்தை அழிச்சா எட்டு டிஸ்க்கும் ஒத்துமையாச் சேர்ந்து அழிக்கும் சார், ஐயோ பாவம்னு எதுவும் எடுத்து ஒதுக்கி வைக்காது. மூணு கடிதம் குடுத்திருக்கேன். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு. உங்க ஃபைல்ல இல்லையா? இருக்காது. என்கிட்ட இருக்கு, பிரதி எடுத்துத் தர்றேன். நகல் எடுக்காம நான் எதையும் யார்கிட்டயும் குடுக்கிறதில்ல.

அப்புறம் இன்னொன்னு. அந்த எட்டும் ஒரே அட்டைப்பெட்டியில வந்தது. ரெண்டு கடையில பாதி பாதியா வாங்குங்கன்னு சொன்னேன். டிஸ்க் என்னம்மா காய்கறியா, பொறுக்கிப் பொறுக்கி வாங்கன்னு கேட்டு எல்லார் முன்னாடியும் சிரிச்சார். நானும் சிரிச்சுத் தொலைச்சேன். ஒரே நாள்ல செஞ்சு, ஒரே நாள்ல மாட்டி, ஒரே சூட்டுல அஞ்சு வருஷம் ராப்பகலா ஓடினா, ஒன்னு படுக்கிற வாரம்தானே மத்ததும் படுக்கும்? இதுக்கு இன்ஜினியர் படிப்பா வேணும்?

சரி, அன்னிக்கு நடந்ததுக்கே வர்றேன். செவ்வாய்க்கிழமை காலையில எட்டு மணி இருக்கும். சிவப்பு விளக்கு மினுக்குது. திரையில பார்த்தா டிஸ்க் நம்பர் மூணு செத்துப்போச்சுன்னு காட்டுது. எனக்கு ஒரு பதட்டமும் இல்ல. இதெல்லாம் வழக்கமா நடக்கிறதுதான், பழசை உருவிட்டுப் புதுசைச் சொருகினா அதுவே மிச்ச டிஸ்க்கைப் படிச்சு, இல்லாததைத் திரும்ப எழுதிக்கும். புது டிஸ்க் எடுத்துட்டு வர ஸ்டோர் ரூமுக்குப் போனேன். கதவைப் பூட்டாம போனேன். அது என் தப்பு. எழுதிக்கோங்க சார், ஒத்துக்கிறேன். பதினாலு வருஷத்துல அந்தக் கதவைப் பூட்டாம போனது அன்னிக்கு ஒரு நாள்தான்னு பொய் சொல்ல மாட்டேன், பல நாள் போயிருக்கேன். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கிறேன்.

அன்னிக்குப் பதினோரு மணிக்கு உங்க தலைமை ஆபீஸ்லேருந்து பெரிய மனுஷங்க சுத்திப் பார்க்க வர்றதா இருந்தது. நிர்வாகிக்கு நாங்க வச்ச பேர் அவசரம். எதுக்கெடுத்தாலும் அவசரம், அவசரம்பார். நீங்க அதை எழுத வேணாம். அவர் ஒரு எட்டு எட்டிப் பார்த்திருக்கார், சிவப்பு விளக்கு எரியுது, பெரியவங்க கண்ணுல பட்டா மானம் போயிடும். திரையில மூணுன்னு இருக்கு. நேரா போய் ஒன்னு, ரெண்டு, மூணுன்னு எண்ணி, மூணாவதை உருவிட்டார்.

அது சரிதானேங்கிறீங்களா? அங்கதான் சார் இருக்கு வினையே. மெஷின் ஒன்னுலேருந்து எண்ணாது. சைபர்லேருந்து எண்ணும். சைபர், ஒன்னு, ரெண்டு, மூணு. மெஷின் மூணுன்னா நம்ம எண்ணுக்கு நாலாவது. செத்தது செத்தபடி உள்ளயே கிடக்க, பக்கத்துல நல்லா ஓடிட்டிருந்ததை உருவிட்டார் புண்ணியவான்.

ஏன் ஸ்டிக்கர் ஒட்டலையா? கேட்டீங்க பாருங்க, இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். ஒட்டியிருந்தேன் சார். ஒவ்வொன்னுலயும், பெரிய எழுத்துல, சைபர், ஒன்னு, ரெண்டுன்னு. போன மாசம் ஆஸ்பத்திரி புத்தகத்துக்குப் போட்டோ எடுக்க வந்தாங்க. அசிங்கமா இருக்கு, பிய்ச்சுப் போடும்மான்னார் நிர்வாகி. பிய்ச்சதுக்கப்புறம் மறுபடி ஒட்டாதது என் தப்புன்னு அவர் எழுதியிருப்பார். எழுதியிருக்காரா? பார்த்தீங்களா!

உருவினவுடனே மெஷின் வீல்னு கத்தியிருக்கு. மனுஷன் பயந்துட்டார். கையிலேருந்து டிஸ்க் நழுவித் தரையில விழுந்துடுச்சு. ஓடிட்டிருந்த டிஸ்க் சார். வெளியில உருவினாலும் உள்ள இருக்கிற தட்டு உடனே நிக்காது, கொஞ்ச நேரம் சுத்திக்கிட்டேதான் இருக்கும். அந்த நிலையில நெஞ்சு உயரத்துலேருந்து டைல்ஸ் தரையில விழுந்தா என்ன ஆகும்? நான் புது டிஸ்க்கைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறேன். அவர் கீழ குனிஞ்சு பொறுக்கி, சட்டையில துடைச்சு, ஒன்னும் ஆகலம்மா, ஒன்னும் ஆகலம்மான்னு நீட்டுறார். காதுல வச்சுப் பார்த்தேன், உள்ள கலகலன்னுது.

ரெண்டு போயாச்சு. தாங்குற வரைக்கும் தாங்கியாச்சு. இனிமே ஒன்னு போனாலும் கதை கந்தல். புது டிஸ்க்கைச் சொருகி திரும்ப எழுத விட்டேன். அப்படி எழுதணும்னா மிச்சம் ஆறும் தலையிலேருந்து கால் வரைக்கும் தன்னையே படிச்சாகணும், அஞ்சு வருஷத்துல அதுங்க அவ்வளவு பாடுபட்டதே இல்ல. பத்து நிமிஷம் ஆகல, டிஸ்க் நம்பர் அஞ்சு படிக்க முடியல, படிக்க முடியலன்னு தடுமாற ஆரம்பிச்சுது. நிறுத்திட்டேன். புதுசைக் கழட்டினேன், உள்ள யாரும் எதுவும் எழுத முடியாதபடி பூட்டினேன், படிக்க மட்டும் விட்டேன். அஞ்சு சாகிறதுக்குள்ள எவ்வளவு முடியுமோ அவ்வளவு படத்தை வெளிய எடுத்துடணும். அது ஒன்னுதான் அப்ப என் தலையில இருந்தது.

அப்பதான் உங்க நிர்வாகி உத்தரவு போட்டார், எல்லாத்தையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுன்னு. வீட்டு டிவி மாதிரி! செத்துட்டிருக்கிற டிஸ்க் சுத்துற வரைக்கும்தான் சார் சுத்தும், ஒரு தடவை நின்னுட்டா மறுபடி கிளம்பும்னு எந்த மகராசன் உத்தரவாதம் குடுப்பான்? முடியாதுன்னேன். உத்தரவும்மா இதுன்னார். எழுத்துல குடுங்கன்னேன். குடுக்கல. ஸ்விட்ச் பக்கம் கையைக் கொண்டு போனார். நான் போய் நடுவுல நின்னேன். அவரை வெளிய அனுப்பிட்டுக் கதவைப் பூட்டி, நாற்காலியை எடுத்துப் போட்டு, மடிக்கணினியை மடியில வச்சுக்கிட்டு வாசல்ல உக்கார்ந்தேன். ஆமா, உத்தரவை மீறினேன். முதல் குற்றம் உண்மை. ரெண்டாவது குற்றம், ரூமைப் பூட்டினது, அதுவும் உண்மை. நாளைக்கே அதே மாதிரி நடந்தா நாளைக்கும் மீறுவேன், நாளைக்கும் பூட்டுவேன். அதையும் சேர்த்து எழுதிக்கோங்க.

மூணாவது குற்றம்தான் சார் எனக்கு ஆத்தமாட்டாம வருது. தனக்கு வேண்டியவங்க படத்தை முதல்ல எடுத்தாளாம்.

இதைக் கொஞ்சம் நிதானமாக் கேளுங்க. வெளிய எடுக்கணும்னா எடுத்து எங்க வைக்கிறது? நகல் மெஷின்தான் வாசல்ல கேமரா பார்த்துட்டிருக்கே. நூலகத்துலேருந்து ரெண்டு டிஸ்க், சம்பளப் பிரிவுலேருந்து ஒன்னு, பயிற்சி ரூம்லேருந்து ரெண்டுன்னு பிச்சை எடுக்காத குறையாச் சேர்த்தேன். அடுத்தது, யாரோடதை முதல்ல எடுக்கிறது? நாலாயிரத்து நூத்தி இருபத்தேழு பேரோட படம் உள்ள இருக்கு. அஞ்சு எந்த நிமிஷம் போகும்னு தெரியாது. அதை நான் முடிவு பண்ணலாமா? நான் யாரு? ஆபரேஷன் பண்ற டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அவங்க கையுறையைக் கழட்டிட்டு ஓடி வந்தாங்க, நின்னபடியே ஒரு காகிதத்துல எழுதினாங்க. இந்த வாரம் ஆபரேஷன் இருக்கிறவங்க முதல்ல. சிகிச்சை நடந்துட்டிருக்கிறவங்க ரெண்டாவது. சும்மா கண்காணிப்புல இருக்கிறவங்க கடைசி, அதுலயும் அடுத்து டாக்டரைப் பார்க்கிற தேதி கிட்டத்துல இருக்கிறவங்க முன்னாடி, தள்ளி இருக்கிறவங்க பின்னாடி. கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. அதுதான் வரிசை. மெஷின்ல ஏத்திவிட்டேன், அது பாட்டுக்கு ஒவ்வொருத்தரா எடுக்க ஆரம்பிச்சுது. பேர் கிடையாது, வெறும் நம்பர்தான்.

ஒன்பதரைக்கு அவசரம் மறுபடி வந்தார். இந்தத் தடவை குரலே வேற. அக்காங்கிறார் என்னை! அக்கா, எங்கம்மாவோடது உள்ள இருக்கு, அதை மட்டும் முதல்ல எடுத்துடுங்க, ஒரு நிமிஷ வேலைதானேங்கிறார். அவர் அம்மாவை எனக்குத் தெரியும் சார், தங்கமான மனுஷி, அவங்க மேல எனக்கென்ன கோபம். ஆனா எனக்கு எங்கேருந்துதான் வந்துச்சோ தெரியல, வராந்தா முழுக்கக் கேக்கிற மாதிரி கத்திட்டேன். உங்கம்மாவா இருந்தாலும் சரி, என்னைப் பெத்தவளா இருந்தாலும் சரி, வரிசையை ஒருத்தருக்காகவும் மாத்த மாட்டேன், ஒருத்தருக்காக மாத்தினா நாலாயிரம் பேருக்கும் நான் பதில் சொல்லணும்னேன். நர்ஸுங்க எல்லாம் எட்டிப் பார்த்தாங்க. மூஞ்சி சுண்டிப் போச்சு அவருக்கு. அந்த நாலு பக்கப் புகார் அந்த நிமிஷம் பிறந்ததுதான், வேறெங்கயும் தேடாதீங்க.

அவர் அம்மாவோடதா? அது தன் முறை வந்தப்ப மதியம் ரெண்டு மணிக்கு நல்லபடியா வெளிய வந்துடுச்சு. அதை மட்டும் புகார்ல எழுத மறந்துட்டார்.

நான் யாருக்குச் சலுகை காட்டினேன்னு பார்க்கணுமா, இந்தாங்க. எந்த நம்பர் எந்த நொடியில வெளிய வந்ததுன்னு மெஷினே எழுதினது, அறுபத்திரண்டு பக்கம். பக்கத்துலயே டாக்டரம்மா குடுத்த வரிசை. ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க. ஒரே ஒரு இடத்துல முன்ன பின்ன மாறியிருந்தாலும் நான் இப்பவே கழுத்துல கிடக்கிற அடையாள அட்டையைக் கழட்டி வச்சுட்டுப் போறேன்.

சாயங்காலம் அஞ்சு இருபதுக்கு டிஸ்க் அஞ்சு போச்சு. டிக், டிக், டிக்னு தட்டிச்சு, அப்புறம் சத்தமே இல்ல. மதியச் சாப்பாடு, பாத்ரூம் எதுக்கும் எழுந்திருக்கல சார் நான், டாக்டரம்மா ரெண்டு தடவை வந்து பார்த்துட்டு டீ வாங்கிக் குடுத்தாங்க. நாலாயிரத்து நூத்திப் பதினாறு பேரோடது வெளிய வந்துடுச்சு. பதினோரு பேரோடது உள்ளயே நின்னுபோச்சு. வெளியில மீட்டுக் குடுக்கிற கம்பெனிக்கு அனுப்பிப் பார்த்தோம், அவங்களும் கையை விரிச்சுட்டாங்க.

என்ன சொன்னீங்க? பதினோரு பேர்தானே, மறுபடி ஸ்கேன் எடுத்துட்டாப் போச்சா? அப்படிச் சொல்லாதீங்க சார், உங்க வாயால சொல்லாதீங்க. புதுப் படம் எப்ப வேணா எடுக்கலாம். பழைய படத்தை எப்படி எடுப்பீங்க? போன வருஷத்து உடம்பு எங்க இருக்கு? கண்காணிப்புன்னா என்ன அர்த்தம், நெஞ்சுல ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அது கெட்டதா நல்லதான்னு ஒரு தடவை பார்த்தாத் தெரியாது. ஆறு மாசம், ஒரு வருஷம்னு படம் எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்பாங்க. வளரலன்னா விட்டுடுவாங்க. வளர்ந்தா வெட்டி எடுப்பாங்க. இப்ப புதுப் படம் எட்டு மில்லிமீட்டர்னு காட்டுதுன்னு வைங்க, அப்ப எவ்வளவு இருந்தது? பழைய ரிப்போர்ட்ல சுமார் ஆறுன்னு எழுதியிருக்கும். சுமார் ஆறுன்னா அஞ்சா, ஏழா? எட்டேதானா, எழுதினவர் கண்ணு சரியா அளக்கலையா? அந்தச் சுமாரை நம்பிக் கத்தி வைக்கவும் முடியாது, வைக்காம விடவும் முடியாது. இன்னும் ஒரு வருஷம் காத்திருந்து மறுபடி எடுத்துப் பாருங்கம்பாங்க. அந்த ஒரு வருஷத்தை வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு ஓட்டணும். பதினோரு பேர்தானேங்கிறது எழுதுறவங்களுக்குத்தான் சார்.

சரி, கோபப்படல. கேளுங்க, அடுத்தது என்ன?

ஆமா, மறுபடி ஸ்கேன் எடுக்க வாங்கன்னு கடிதம் போட்டது பதினோரு பேருக்கும்தான். வரவேற்புல குடுத்த கணக்குப்படி பத்து பேர் வந்து புதுசா எடுத்துட்டுப் போயாச்சு, ஒருத்தர் மட்டும் இன்னும் வரல. சரிதான். இல்ல, அந்த ஆள் ஆஸ்பத்திரி மேல கேஸ் போட மாட்டாங்க. என் மேலயும் புகார் குடுக்க மாட்டாங்க. நிச்சயமாத் தெரியும் சார்.

எப்படித் தெரியும்னா, அது நான்தான்.

என்ன, எழுதுறதை நிறுத்திட்டீங்க? எழுதுங்க. உள்ள நின்ன பதினொன்னுல என்னோடதும் ஒன்னு. ரெண்டு வருஷமாக் கண்காணிப்புல இருக்கேன், அடுத்த தேதி ஆறு மாசம் தள்ளி, அதனால வரிசையில கடைசிப் பக்கம். என் நம்பர் எனக்கு மனப்பாடம். நாலரை மணிக்கு மேல டிஸ்க் அஞ்சு ரொம்பத் திணற ஆரம்பிச்சப்ப கை போச்சு சார், போகலன்னு சொல்ல மாட்டேன். என் நம்பரைத் தட்டியும் வச்சேன். என்டரை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. ஒரு நிமிஷ வேலை, யாருக்கும் தெரிஞ்சிருக்காது. காலையில வராந்தாவுல போட்ட சத்தம் என் காதுலயே கேட்டுட்டிருந்தது. ஒவ்வொரு எழுத்தா அழிச்சுட்டேன்.

பாவம்னு மட்டும் பார்க்காதீங்க. அந்தப் பார்வையை வீட்டுல என் வீட்டுக்காரர் மூஞ்சியில எட்டு நாளாப் பார்த்துட்டிருக்கேன், எனக்கு அதுவே போதும். புதுப் படம் எடுக்கக் கூடாதுன்னு போகாம இல்ல. இன்னிக்குப் பதினோரு மணிக்குத்தான் ஸ்கேனுக்கு நேரம் குடுத்திருந்தாங்க. நீங்க பத்தரைக்கு விசாரணைன்னு ஓலை அனுப்பிட்டீங்க, எங்கேருந்து போறது? கேக்க வேண்டியது முடிஞ்சிருந்தாச் சொல்லுங்க சார், ஸ்கேன் ரூம் கீழ்த்தளம்தான், பன்னிரண்டு வரைக்கும் ஆள் இருப்பாங்க.